பூந்தாதும் பிள்ளைப்பேறும்

ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்விடும் மாசி, பங்குனியில் என் பெட்டிகளைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் தேன் வாங்கத்தான் வருவார்கள். சில வருடங்களாக வேறு சிலரும் வருகிறார்கள். கல்யாணமாகி மூன்று, நான்கு வருடம் ஆன ஜோடிகள். மனைவி வாழை மூட்டுப் பக்கம் தள்ளி நிற்பார். கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மெதுவாக ஆரம்பிப்பார்.

"அண்ணாச்சி, தேன் வேண்டாம். பூந்தாது கிடைக்குமா?"

"எதுக்கு தம்பி?"

"ஒரு கடையில சொன்னாங்க. 48 நாள் பாலில் கலந்து ரெண்டு பேரும் சாப்பிட்டா போதுமாம்."

அதற்கு மேல் அவர் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், "என்னம்மா, ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்கிறவர்கள் நடுவே அவர்கள் எத்தனை மாதம் தலைகுனிந்து நின்றிருப்பார்கள் என்பது முகத்திலேயே எழுதியிருக்கும். இந்த அத்தியாயம் அவர்களுக்காக எழுதியது.

முதலில் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் விற்க மகரந்தம் கிடையாது. நான் வைத்திருப்பது நம்மூர் அடுக்குத் தேனீ. அதன் வாசலில் மகரந்தப் பொறியை மாட்டித் தொந்தரவு செய்தால் ஒரு நாள் காலையில் பெட்டி காலியாக இருக்கும். மொத்தக் கூட்டமும் பறந்துபோயிருக்கும். கடையில் கிடைக்கும் மகரந்தம் பெரும்பாலும் இத்தாலியத் தேனீப் பெட்டிகளிலிருந்து, வட இந்தியக் கடுகு வயல் பக்கமிருந்து வருகிறது. ஆகவே அதைப் புகழ்வதிலும் இகழ்வதிலும் எனக்கு லாப நட்டம் இல்லை.

ஒரு சொல், மூன்று பொருள்

இந்த நம்பிக்கை நம்மிடம் இவ்வளவு சுலபமாகப் பற்றிக்கொள்வதற்குத் தமிழ்ச் சொல்லே ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பூவின் மகரந்தத்துக்குத் தாது என்று பெயர். சித்த மருத்துவத்தில் உடலைத் தாங்கும் ஏழு கட்டுகளுக்கும் தாது என்றுதான் பெயர்: சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, எலும்பு, மூளை, கடைசியாக ஆணுக்குச் சுக்கிலம், பெண்ணுக்குச் சுரோணிதம். பேருந்து நிலையச் சுவர்களில் "தாது புஷ்டி" என்று எழுதிவைக்கிறவர்களுக்கோ அந்த ஏழில் ஆறு மறந்துபோய், விந்து மட்டும்தான் தாது. ஒரே சொல் பூவையும் உடம்பையும் விந்தையும் குறிக்கும்போது, பூவின் தாதைத் தின்றால் உடம்பின் தாது பெருகும் என்று மனம் தானாகவே முடிச்சுப் போட்டுவிடுகிறது.

அந்த முடிச்சில் தாவரவியல் உண்மை ஒன்றும் உண்டு. மகரந்தம் பூவின் ஆண் பங்கு. விதை பிடிக்கத் தேவையான ஆண் அணுக்கள் அதிலிருந்துதான் வருகின்றன. ஆனால் அந்தத் திறன் பூவின் சூலகத்தோடு முடிந்துவிடுகிறது. நம் வயிற்றுக்குள் போனதும் அது பருப்பைப்போல, முட்டையைப்போல ஒரு சாப்பாட்டுப் பொருள்தான். ஆண்மையைத் தின்று ஆண்மை வளர்க்க முடியுமென்றால் சேவல் கறி தின்கிறவன் எல்லாம் விடிகாலையில் கூவ வேண்டும்.

தேனீக்கு அது என்ன?

காலை 7 மணிக்குத் தென்னந்தோப்பில் வைத்த பெட்டியின் வாசலில் உட்கார்ந்து பாருங்கள். உள்ளே நுழையும் தேனீக்களில் சிலவற்றின் பின்னங்கால்களில் இரண்டு சின்ன உருண்டைகள் ஒட்டியிருக்கும். தென்னம்பாளையில் புரண்டு வந்தால் வெளிறிய மஞ்சள், சூரியகாந்தியில் போய் வந்தால் ஆரஞ்சு. உடம்பில் அப்பிய பொடியைக் கால்களால் வழித்து, வயிற்றிலிருக்கும் கொஞ்சம் தேனைக் கக்கிக் குழைத்து, பின்னங்காலில் உள்ள மகரந்தக் கூடையில் அமுக்கி எடுத்து வருகிறது. ஒரு உருண்டையின் எடை 7, 8 மில்லிகிராம் இருக்கும். வாசலில் மகரந்தப் பொறியை, அதாவது சிறு துளைகள் கொண்ட தகட்டை, மாட்டினால் தேனீ நுழையும், உருண்டை தட்டுப்பட்டுக் கீழே உள்ள தட்டில் விழும். கடையில் பாட்டிலில் இருப்பது அதுதான்.

உள்ளே போகும் உருண்டையை வேலைக்காரத் தேனீக்கள் அடைக்கண்ணில் தலையால் இடித்து நிரப்பி, மேலே தேன் பூசி வைக்கும். அங்கே அது லேசாகப் புளிக்கும். ஆங்கிலத்தில் இதைத் தேனீ ரொட்டி என்பார்கள். இளம் தேனீக்கள் இதைத் தின்றுதான் தலையிலுள்ள சுரப்பிகளில் பால் போன்ற கூழ் சுரக்கின்றன. புழுக்களுக்கும் ராணிக்கும் அந்தக் கூழ்தான் உணவு. மகரந்த வரத்து நின்றால் ராணி முட்டையிடுவது குறையும். நீண்ட நாள் நின்றால் இட்ட முட்டையையும் புழுவையும் தேனீக்களே தின்றுவிடும். கன்னியாகுமரிப் பக்கத்தில் பெட்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். எங்கள் தேன் பெரும்பகுதி ரப்பர் பூவிலிருந்து வருவதில்லை, துளிர் இலைக் காம்பில் சுரக்கும் இனிப்பிலிருந்து வருகிறது. தேன் கொட்டும் காலத்திலும் மகரந்தத்துக்குத் தேனீ வேறிடம் பறந்தாக வேண்டும்.

விற்பவர்கள் சொல்லும் வாதம் இங்கிருந்துதான் கிளம்புகிறது. "ராணித் தேனீ ஒரு நாளைக்கு 1,500, 2,000 முட்டை போடுது. எல்லாம் மகரந்தத்தோட மகிமை." இத்தாலிய ராணி நல்ல பருவத்தில் அவ்வளவு இடும், அது சரிதான். ஆனால் ராணி மகரந்தத்தைத் தொடுவதில்லை. அவளுக்கு ஊட்டப்படுவது தாதித் தேனீக்கள் சுரக்கும் கூழ். மகரந்தத்தை வயிறாரத் தின்னும் அந்தத் தாதிகளோ முட்டையிடாத பெண்கள்! இதை ஒரு வியாபாரியிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "அதெல்லாம் யாரு அண்ணாச்சி கேக்குறா" என்றார்.

பழைய வழக்கம் எங்கே இருக்கிறது?

"ஆயிரக்கணக்கான வருடமாக மக்கள் பயன்படுத்திய மருந்து" என்று பாட்டிலில் எழுதியிருக்கும். பிள்ளைப்பேற்றுக்காக மகரந்தம் உண்ணும் பழைய வழக்கம் உண்மையிலேயே உண்டு. அது தேனீ கொண்டுவந்த மகரந்தம் இல்லை, பேரீச்சம்பாளையிலிருந்து மனிதன் உதிர்த்த மகரந்தம். இந்த வேறுபாட்டை விற்பவர்கள் சொல்வதில்லை. அவர்களில் பலருக்கே தெரியாது.

பனையில் ஆண் பனை, பெண் பனை தனித்தனி என்பது நமக்குத் தெரியும். அலகு விடுவது ஆண், காய்ப்பது பெண். பேரீச்சையும் அப்படித்தான். காற்றை நம்பினால் காய் சரியாகப் பிடிக்காது. அதனால் ஈராக், ஈரான், எகிப்து, அரேபியா எங்கும் தோட்டக்காரர் ஆண் பாளையை வெட்டி, அதன் இழைகளைக் கையில் எடுத்துக்கொண்டு பெண் மரத்தில் ஏறி, பெண் பாளைக்குள் செருகிக் கட்டிவிடுவார். ஒரு ஆண் மரம் சுமார் 50 பெண் மரத்துக்குப் போதும். இது எவ்வளவு பழைய வேலை என்றால், சுமார் 3,750 வருடங்களுக்கு முன்பு பாபிலோனை ஆண்ட ஹமுராபியின் சட்டத்தொகுப்பிலேயே இதற்குக் கூலி விகிதம் இருக்கிறது. தோப்பை மகரந்தம் ஏற்றிக் கொடுக்கத் தோட்டக்காரனிடம் ஒப்படைத்தால், விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு தோப்புக்காரருக்கு, ஒரு பங்கு தோட்டக்காரனுக்கு. அந்த வேலைக்கு அக்காடிய மொழியில் இருக்கும் வினைச்சொல், 'மேலேறச் செய்தல்' என்ற பொருளிலிருந்து வந்தது. கால்நடை வளர்ப்பவர்களுக்கு இது விளக்கமே வேண்டாத சொல்.

வடக்கு ஈராக்கில் நிம்ரூத் அரண்மனையின் கற்பலகைகள் பல இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கி.மு. 9ஆம் நூற்றாண்டு அசீரிய மன்னன் இரண்டாம் அஷுர்நசிர்பாலின் காலத்தவை. இறக்கை முளைத்த உருவம் ஒன்று ஒரு கையில் வாளியும் இன்னொரு கையில் கூம்பு வடிவப் பொருளும் ஏந்தி, அலங்கார மரத்தருகே நிற்கும். பேரீச்சைக்கு மகரந்தம் ஏற்றும் காட்சி என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். தீட்டுக் கழிக்கும் சடங்கு என்று இன்னொரு சாரார். எப்படியிருந்தாலும் ஆண் பாளை இல்லாமல் பெண் மரம் காய்க்காது என்பதைக் கண்ணால் பார்த்துக் கையால் செய்த மக்கள் அவர்கள். அந்தப் பொடியை எடுத்துத் தங்கள் உடம்புக்கும் பயன்படுத்திப் பார்த்ததில் வியப்பில்லை. பேரீச்ச மகரந்தத்தின் வாடையே விந்தின் வாடையை ஒத்தது என்று அரபு நாட்டவர்கள் கூச்சமில்லாமல் சொல்வார்கள்.

ஈராக்கிலும் எகிப்திலும் பாளை வெடிக்கும் பருவத்தில் அந்த வெள்ளைப் பொடியைத் தேனில் குழைத்து, பிள்ளை வேண்டும் ஆணும் பெண்ணும் உண்ணும் வழக்கம் இன்றும் இருக்கிறது. தெற்கு ஈரானில் பாளையுறையைக் காய்ச்சி வடித்து 'தாரூனே' என்ற வாசனை நீர் எடுக்கிறார்கள். அது மனக் கலக்கத்துக்கும் படபடப்புக்கும் குடிப்பது, பிள்ளைப்பேற்று மருந்தோடு அதைச் சேர்க்கக் கூடாது. 1947இல் எகிப்திய ஆய்வாளர் இருவர், பேரீச்ச மகரந்தத்தில் ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்யும் ஒரு பொருள் இருப்பதாக 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். 2006இல் ஈரானின் ஷிராஸ் நகர ஆய்வாளர்கள் ஆண் எலிகளுக்கு இந்த மகரந்தத்தைக் கொடுத்தபோது விந்தணு எண்ணிக்கையும் ஓட்டமும் கூடின. ஆக, இந்தப் பழைய வழக்கத்தை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அது ஒரு மரத்தின் மகரந்தம். தேனீ கொண்டுவரும் பாட்டிலில் கடுகு, மக்காச்சோளம், தென்னை என்று அந்தந்தப் பருவத்துப் பூவெல்லாம் கலந்திருக்கும். பேரீச்சைக்குக் கிடைத்த பெயரை அதன் மேல் ஒட்டுவது, பனங்கற்கண்டுக்குச் சொன்ன குணத்தைச் சீனிக்குச் சொல்வது போல.

நம் பக்கத்தில் என்ன வழக்கம்? நீலகிரியில் தேன் எடுக்கும் குறும்பர்கள் தேனடையோடு புழு அடையையும் தின்பார்கள்; அடையில் இருக்கும் மகரந்தமும் சேர்ந்தே உள்ளே போகும். சித்த மருத்துவத்தில் தேனுக்கு மருந்தைக் குழைத்துக் கொடுக்கும் துணைப்பொருளாக, அனுபானமாக, பெரிய இடம் உண்டு. உருண்டை உருண்டையாக மகரந்தத்தைத் தனியே எடுத்து உண்பதற்கு வாசலில் பொறி மாட்ட வேண்டும். அந்தப் பொறி பரவியதே போன நூற்றாண்டில்தான். பாட்டிலில் "தொன்மையான" என்று எழுதியிருந்தால் அந்தப் பாட்டிலின் வயது உங்கள் தாத்தாவின் வயதைவிடக் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எலியும் முயலும் மனிதரும்

தேனீ மகரந்தத்தை ஆராய்ந்து பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. 2011இல் எகிப்தில் பெண் முயல்களுக்கு உடல் எடை கிலோவுக்கு 200 மில்லிகிராம் வீதம் கொடுத்தபோது சினை பிடிப்பதும் குட்டிகளும் மேம்பட்டன. அதே ஆண்டு ஸ்லோவாக்கியாவின் நித்ரா நகரத்தில் எலிகளின் தீவனத்தில் கலந்து கொடுத்து, சூலகத்தின் சுரப்புகள் மாறுவதைக் கண்டார்கள். மாறின, ஆனால் அந்த மாற்றம் கருத்தரிக்க உதவுமா, இடைஞ்சலா என்பதை அந்த ஆய்வு கேட்கவில்லை. "ஹார்மோனைச் சீராக்கும்" என்று விளம்பரம் சொல்லும்போது இதைத்தான் நினைவில் வைக்க வேண்டும். மாற்றுவதும் சீராக்குவதும் ஒன்றல்ல. தீவனத்தில் சத்துக் குறைவாக இருக்கும் கூண்டு முயலுக்குப் புரதம் கூட்டிக் கொடுத்தால் குட்டி கூடுவது ஆச்சரியமுமில்லை.

"மகரந்தத்தில் துத்தநாகம் இருக்கிறது, ஃபோலிக் அமிலம் இருக்கிறது, இரண்டும் விந்தணுவுக்கு நல்லது" என்பது படித்தவர்கள் சொல்லும் வாதம். அமெரிக்காவில் 2,370 ஜோடிகளைச் சேர்த்து இதை நேரடியாகவே சோதித்தார்கள். ஆண்களில் பாதிப் பேருக்கு ஆறு மாதம் தினமும் 30 மில்லிகிராம் துத்தநாகமும் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும், மீதிப் பேருக்கு வெறும் மாத்திரையும். 2020இல் முடிவு வந்தது. மருந்து எடுத்த பக்கம் 34 சதவீதம் பேருக்குக் குழந்தை, வெறும் மாத்திரை எடுத்த பக்கம் 35 சதவீதம். விந்தணுவின் தரத்திலும் வேறுபாடு இல்லை. மருந்து எடுத்தவர்களுக்கு வயிற்றுக் கோளாறுதான் கொஞ்சம் கூடுதல். ஒரு கரண்டி மகரந்தத்தில் இருக்கும் துத்தநாகம் அந்த 30 மில்லிகிராமில் ஒரு துளி.

சத்துக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடலாம். தேனீ மகரந்தத்தில் பூவைப் பொறுத்துப் புரதம் 10 முதல் 40 சதவீதம் வரை இருக்கும். 20 என்று வையுங்கள். ஒரு தேக்கரண்டி 7 கிராம் வரும். அதில் புரதம் ஒன்றரை கிராமுக்குள். ஒரு கோழிமுட்டையில் 6 கிராம். அதிலும் மகரந்தத் துகளின் மேலோடு இலேசில் செரிக்காது. அமிலத்தைக்கூடத் தாங்கி, மண்ணுக்குள் லட்சக்கணக்கான வருடம் அழியாமல் கிடக்கக்கூடிய ஓடு அது. கெட்ட உணவு என்று சொல்லவில்லை. நல்ல உணவு, நல்ல நிறம், மெல்லும்போது பூவின் கசப்பும் இனிப்பும் கலந்த ருசி. ஆனால் விலைக்கேற்ற மருந்து அல்ல.

48 நாள் எங்கிருந்து வந்தது?

ஒரு மண்டலம். நம் வைத்தியத்தில் பழகிய அளவு. ஆனால் ஆணின் உடம்பில் ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகும். வெளிவரும் பாதையில் முதிர இன்னும் சில நாள். இன்று புகையிலையை விட்டாலும், சத்தான சாப்பாட்டுக்கு மாறினாலும், அதன் பலன் விந்துப் பரிசோதனையில் தெரிய மூன்று மாதம் வேண்டும். எனவே 48ஆம் நாள் "ஒன்றும் ஆகவில்லையே" என்று அழுவதும் சரியில்லை. 30ஆம் நாள் கர்ப்பம் நின்றால் அதற்கு மகரந்தத்தைக் கும்பிடுவதும் சரியில்லை.

உண்மையான செலவு பாட்டில் விலை இல்லை, காலம். என்னிடம் வந்த ஒரு ஜோடி மூன்று விற்பனையாளர்களிடம் மாறி மாறி ஒன்றரை வருடம் மகரந்தம் சாப்பிட்டிருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு 36 வயது. கணவர் ஒரு முறைகூட விந்துப் பரிசோதனை செய்திருக்கவில்லை. மனைவிக்கு மட்டும் நான்கு ஸ்கேன். "எனக்கென்ன அண்ணாச்சி, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றார். பிள்ளையில்லாக் குறையில் ஏறக்குறைய பாதியில் ஆணின் பங்கும் இருக்கிறது. தேகம் திடமாக இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

ஆகவே இந்த நூலில் வேறெந்த அத்தியாயத்திலும் சொல்லாததை இதில் சொல்கிறேன்: பாட்டிலைத் திறக்கும் முன் மருத்துவரைப் பாருங்கள். ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் கருத்தரிக்காவிட்டால் இருவரும் போக வேண்டும். பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதமே போதும். மாதவிடாய் மூன்று, நான்கு மாதம் தள்ளித் தள்ளி வருகிறதென்றால், முன்பு இடுப்புக்குழியில் தொற்றோ அறுவைச் சிகிச்சையோ நடந்திருந்தால், ஆணுக்கு அம்மைக்கட்டில் விரை வீங்கியிருந்தால் அவ்வளவும் காத்திருக்க வேண்டாம். விந்துப் பரிசோதனை எளிய சோதனை. இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அறிக்கையைப் புரிந்துகொள்ள ஒரு அளவுகோல்: உலக சுகாதார நிறுவனத்தின் 2021 பதிப்பில் கீழ் எல்லை மில்லிலிட்டருக்கு 160 லட்சம் விந்தணு, அதில் அசைபவை 42 சதவீதம். இதற்குக் கீழே என்றால் முடியாது என்று பொருளில்லை. காரணம் தேட வேண்டும் என்று பொருள். விரையில் நரம்பு புடைத்திருக்கலாம், தைராய்டு கோளாறு இருக்கலாம், அடுப்பு வெக்கையில் நாள் முழுக்க நிற்கும் வேலையாகவும் இருக்கலாம். அடைபட்ட கருக்குழாயை எந்தப் பூவின் தாதும் திறக்காது.

பிள்ளைக்குத் தயாராகும் பெண் தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரை எடுப்பது நல்லது. கருத்தரிக்க வைப்பதற்கு அல்ல, தரித்தபின் குழந்தையின் முதுகுத்தண்டு சரியாக மூடுவதற்கு. மகரந்தத்திலேயே ஃபோலிக் அமிலம் இருக்கிறதே என்று இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இனி, சாப்பிடத்தான் போகிறேன் என்பவர்களுக்கு

சாப்பிடக் கூடாதவர்கள் யார் என்பதிலிருந்து தொடங்குவோம். ஆஸ்துமா, பருவத்துக்குப் பருவம் தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு உள்ளவர்கள் தொடவே வேண்டாம். 2012இல் கனடா மருத்துவ இதழ் ஒன்றில் பதிவான சம்பவம்: 30 வயதுப் பெண், பருவகால ஒவ்வாமை தவிர வேறு நோய் இல்லாதவர், மகரந்தம் சாப்பிட்டதும் இமை, உதடு, தொண்டை வீங்கி, மூச்சுத் திணறி அவசரச் சிகிச்சைக்குப் போனார். தேனீக் கொட்டு பழகிய எங்களுக்கு மகரந்தம் ஒத்துக்கொள்ளும் என்று பெட்டி வைப்பவர்களும் நினைக்க வேண்டாம். இரண்டும் வேறு வேறு ஒவ்வாமை. இதய வால்வு மாற்றி வார்ஃபரின் மாத்திரை எடுக்கிறவர்களும் தவிர்க்க வேண்டும். மகரந்தம் சேர்த்துச் சாப்பிட்ட ஒருவருக்கு, வழக்கமாக 2க்கும் 3க்கும் நடுவில் இருக்க வேண்டிய இரத்த உறைவு அளவு 7க்கு மேல் போனது 2010இல் பதிவாகியிருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுகிறவர்களுக்கும் வேண்டாம்.

வாங்கும்போது மாத்திரைக் குப்பியை விட்டுவிட்டு உருண்டையாக இருப்பதை வாங்குங்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், மகரந்தம் என்று பெயரிட்டு விற்ற எடை குறைக்கும் கேப்சூல்களில் சிபுட்ரமைன் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து கலந்திருந்ததைக் கண்டுபிடித்தது. உருண்டையில் அப்படி ஒளிப்பது கடினம். நல்ல மகரந்தத்தில் நிறம் கலந்திருக்கும்; எல்லாம் ஒரே மஞ்சளாக இருந்தாலும் குற்றமில்லை, கடுகுக் காலத்தில் அப்படித்தான் வரும். குலுக்கினால் தனித்தனியாக உருள வேண்டும். கட்டிக் கட்டியாக ஒட்டியிருந்தால், புளித்த அல்லது பூசண வாடை அடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பச்சை மகரந்தத்தில் 20, 30 சதவீதம் ஈரம் இருக்கும். இரண்டு மூன்று நாளில் பூசணம் பிடிக்கும். 40 டிகிரிக்கு மேல் போகாத இளஞ்சூட்டில் ஈரத்தை 6, 8 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால்தான் நிற்கும். சுள்ளென்ற வெயிலில் காயவைத்தது என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் வேறு கடை பாருங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் லேபிளில் இருக்க வேண்டும். எந்த ஊரில், எந்த மாதம் எடுத்தது என்று கேளுங்கள். பூச்சிமருந்து அடிக்கும் வயல் நடுவே வைத்த பெட்டியென்றால் மருந்தும் உருண்டையோடு சேர்ந்தே வரும். பிள்ளை வேண்டிச் சாப்பிடுகிற பண்டத்தில் பூச்சிமருந்து இருந்தால் அதைவிடக் கொடுமை வேறில்லை.

முதல் நாள் ஒரே ஒரு உருண்டை. நாக்கில் வைத்துக் கரைத்துவிட்டுச் சும்மா இருங்கள். வீட்டில் துணைக்கு ஆள் இருக்கும்போது, பகலில். உதடு தடித்தாலோ, தொண்டை அரித்தாலோ, தடிப்பு வந்தாலோ அத்தோடு நிறுத்தம். மூச்சு முட்டினால் உடனே மருத்துவமனை. ஒன்றும் இல்லையென்றால் மறுநாள் நான்கைந்து, அப்புறம் கால் தேக்கரண்டி என்று பத்து நாளில் ஒரு தேக்கரண்டிக்கு வாருங்கள். அதற்கு மேல் வேண்டாம். தேனீ மருத்துவ நூல்களில் 20, 40 கிராம் என்றெல்லாம் எழுதியிருக்கும். பிள்ளைப்பேற்றுக்கு இன்ன அளவு என்று யாரும் நிறுவியதில்லை, ஆகவே கூட்டிச் சாப்பிட்டுக் கூடுதல் பலன் தேட வழியில்லை. இரவே தயிரிலோ தண்ணீரிலோ ஊறவைத்தால் துகள் உப்பி ஓடு விரியும், செரிப்பது எளிது. கொதிக்கும் பாலில் போடாதீர்கள், ஆறட்டும். தேனில் குழைப்பதும் நல்லதே. பாட்டிலை இறுக மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். ஈரக் கரண்டியை உள்ளே விடாதீர்கள்.

மருத்துவரிடம் போகும்போது இதைச் சாப்பிடுவதாகச் சொல்லுங்கள். "நாட்டு மருந்து என்றால் திட்டுவார்" என்று மறைக்கிறவர்கள் அதிகம். கருமுட்டை வளர ஊசி போட்டுக்கொண்டிருக்கும் சமயத்தில் மகரந்தத்தை நிறுத்திவிடுவதே நல்லது. சுரப்புகளைத் தொடும் பண்டத்தை நடுவில் கலந்து, எது எதைச் செய்தது என்று தெரியாமல் மருத்துவரைத் திண்டாட வைக்க வேண்டாம். மாதவிடாய் தள்ளிப்போன அன்றே கரண்டியைக் கீழே வையுங்கள், சோதனை முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம்.

பாட்டிலில் மிச்சம் இருந்தால் கணவர் தின்று தீர்க்கட்டும். பூவில்லாத ஆடி மழைக்காலத்தில் தேனீக்காவது ஆகட்டுமே என்று சிலர் என்னிடம் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். நல்ல மனதுதான், ஆனால் வாங்க மாட்டேன். எங்கோ ஒரு கூட்டின் நோய் மகரந்தத்தோடு இன்னொரு கூட்டுக்குத் தொற்றும். 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக்புரூட் என்ற தேனீ நோய் வந்து இந்தப் பக்கத்துப் பெட்டிகளைக் காலி செய்துவிட்டுப் போனதைப் பார்த்தவன் நான்.